ஐந்து கிலோ தண்ணீர்

மார்ச் 2, திங்கள்

செருப்பு சுருங்கிவிட்டது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். தோல் சுருங்காது பெரியவரே, உங்கள் கால் வீங்கியிருக்கும் என்கிறான். செருப்பு விற்கிறவனுக்கு என் காலைப் பற்றி என்ன தெரியும்? நாற்பத்தொரு வருடம் தராசு ரிப்பேர் பார்த்திருக்கிறேன். சாமான் சரி, வாடிக்கையாளர்தான் தப்பு என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் சொன்னபோதெல்லாம் அது உண்மை.

திரும்பி வரும்போது மாடிப்படியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. படிகளை எண்ணினேன். பத்தொன்பதுதான். யாரும் கூட்டிக் கட்டிவிடவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தே கண்ணயர்ந்தேன். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் வந்து நிற்பாள்.

மார்ச் 4, புதன்

வந்து நின்றாள். கீழ்வீட்டுக்காரி போட்டுக்கொடுத்துவிட்டாள்.

இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆண்கள் வார்டு, பதினோரு கட்டில், எனக்கு ஜன்னல் பக்கம். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். என் இதயம் களைத்துவிட்டதாம். ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துபோய், உடம்பில் தண்ணீர் தேங்கிவிட்டதாம். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினாள். படம் நன்றாக இருந்தது. செருப்புக் கடைக்காரனைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் சிஸ்டர் என்னைத் தராசில் ஏற்றினாள். சக்கரம் வைத்த மேடைத் தராசு. 76.4 என்று காட்டியது.

விடுவேனா? என் எடை இருபது வருடமாக எழுபத்தொன்று. இந்தத் தராசு ஐந்து கிலோ கூடக் காட்டுகிறது, யார் இதைப் பார்ப்பது, கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். சிஸ்டர் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பக்கத்து வார்டுக்குப் போனாள். அங்கே வேறொரு தராசு. 76.4.

திரும்பி வரும்போது பத்துக் கட்டிலும் சிரித்தது.

ஐந்து கிலோ தண்ணீர். அதைச் சுமந்துகொண்டுதான் தினமும் மாடி ஏறியிருக்கிறேன். காய்கறிச் சந்தையில் அரைக் கிலோ கள்ளத்தனத்தைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவன் நான்.

மார்ச் 5, வியாழன்

75.6.

நீர் பிரிய மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் எதையும் குடிக்கக் கூடாது. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் கணக்கு எழுதுகிறார்கள். நான் ஒன்றுக்குப் போனதை ஒரு பெண் அளந்து பார்த்து "ரொம்ப நல்லது ஐயா" என்று பாராட்டினாள். நாற்பத்தொரு வருட வேலையில் எனக்கு இவ்வளவு பாராட்டு கிடைத்ததில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எனக்கு வந்த அதே நோய்தான், என்னைவிட ஐந்து நாள் சீனியர். என்னை அண்ணே என்கிறார். இந்த வார்டில் ஒன்றரை லிட்டரை எப்படி நாள் முழுக்க ஓட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சிஸ்டரிடம் ஒரு ஐஸ் கட்டி கேட்டு வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். கடிக்கக் கூடாதாம். வைத்துப் பார்த்தேன். கால் மணி நேரம் இருந்தது. எழுபத்து மூன்று வயதுவரை தண்ணீருக்கு ருசி உண்டு என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மார்ச் 6, வெள்ளி

75.2. மகளோடு சண்டை.

இங்கிருந்து நேராக அவள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்க வேண்டுமாம். முடியாது என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

ஒன்பது வருடமாக நான் அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை. ஒரு நாள் விருந்தாளிகள் வந்திருந்தார்கள், மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிறவர்கள். அவர் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். என்னை அவர்களுக்கு அறிமுகம் செய்தார். "மாமா பள்ளிக்கூடம் அதிகம் போகலை. கைவேலைதான்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவன்தான்.

பள்ளிக்கூடம் போகவில்லை, சரி. பழைய இரும்புக் கடையில் கிடந்த தராசைப் பிரித்துப் போட்டுப் பதினாலு வயதில் நானாகக் கற்றுக்கொண்டேன். மின்தராசு வந்தபோது சந்தையில் பாதிப் பேர் தொழிலை விட்டார்கள். நான் ஆங்கிலக் கையேட்டை வாங்கி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழு மாதம் உட்கார்ந்து படித்தேன். அது கைவேலையா?

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடைசியில் மூன்று பேருமாக ஓர் ஒப்பந்தம் போட்டோம். பதினாலாம் தேதி சனிக்கிழமைக்குள் எடை 71.5க்கு இறங்கி, நிற்காமல் ஒரு மாடி ஏறிக் காட்டினால் என் வீட்டுக்குத் தனியாகப் போகலாம். இல்லையென்றால் ஒரு மாதம் மகள் வீடு.

கை கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வராந்தாவிலேயே நின்றிருந்தார். எப்போதும் அங்கேதான் நிற்கிறார்.

மார்ச் 7, சனி

74.8. மல்லாந்து படுத்துத் தூங்கினேன். ஒரு தலையணைதான். இதைவிடப் பெரிய சொத்து ஒன்றும் எனக்கு இப்போது ஞாபகம் வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

74.3. இப்படியே இறங்கினால் சனிக்கிழமை சரியாக என் வீட்டு வாசலில் இருப்பேன். டிரைவர் எனக்காக டைம்டேபிள் போட்டுக் கொடுத்திருக்கிறார். நிறுத்தங்களோடு.

மார்ச் 9, திங்கள்

72.3. ஒரே நாளில் இரண்டு கிலோ.

டாக்டரம்மா மூன்று நாள் லீவு. வேறொரு டாக்டர் வந்தார். தாளைப் பார்த்தார், பிரமாதம் என்றார், எனக்கும் டிரைவருக்கும் நீர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். டிரைவருக்கும் இரண்டு கிலோ இறங்கியிருந்தது. இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். மகளுக்குப் போன் போட்டு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

வார்டுக்குள் தரை ஓடு மாற்றுகிறார்கள். தராசைத் தள்ளிக்கொண்டுபோய் வராந்தாக் கோடியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மார்ச் 10, செவ்வாய்

71.9.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் இதே குழிதான். இரண்டு கிலோ தண்ணீர் போயிருந்தால் குழியும் கொஞ்சமாவது போயிருக்க வேண்டாமா?

போதும். கணக்கைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 11, புதன்

71.6. இன்னும் நூறு கிராம்தான்.

டிரைவர் இருமுகிறார். அவருக்கு ஒரு தலையணை போதும் என்று இருந்தது. இன்று மூன்று. சும்மா சளி அண்ணே என்கிறார். அவர் தாளிலும் எடை ஞாயிற்றுக்கிழமையைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் வராந்தாவில் ஆள் இல்லாத நேரம். கேன்டீன்காரன் லிட்டர் பாட்டில் பன்னிரண்டு அடங்கிய தண்ணீர்ப் பெட்டியைச் சுவரோரம் இறக்கிவிட்டுப் போயிருந்தான். என் கை சும்மா இருக்காது. பெட்டியை நகர்த்தி மேடையில் ஏற்றினேன். பன்னிரண்டுக்கு மேல் காட்ட வேண்டும். 11.8 காட்டியது. பன்னிரண்டு கிலோவுக்கே அரைக் கிலோவுக்குப் பக்கம் தின்கிற தராசு, ஆள் ஏறினால் இரண்டுக்கு மேல் தின்னும்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? என் எடை எழுபத்து நாலாகிவிடும். சனிக்கிழமை அந்த வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்பேன். சொல்லாவிட்டால் நாளைக்கே 71.5. வீட்டுக்குப் போய் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் மிச்சத் தண்ணீரும் போகாதா? தராசைக் கெடுத்தது நானா? சரிபார்ப்பது என் வேலையா? இங்கே யார் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

அந்த மனுஷன் இருமிக்கிட்டே இருக்கார்.

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் எடை பார்க்கக் கூப்பிட்டபோது, நான் ஏற மாட்டேன், தராசு குறைவாகக் காட்டுகிறது என்றேன். சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, போன வாரமும் இதேதான் சொன்னீங்க."

"போன வாரம் நான் சொன்னது தப்பு சிஸ்டர். இந்த வாரம் தராசு சொல்றது தப்பு."

"கூடக் காட்டுதுன்னு சண்டை போட்டீங்க. இப்போ குறைச்சுக் காட்டுதுன்னு சண்டையா? உங்களுக்கு எப்படித்தான் காட்டணும்?"

வார்டு மறுபடி சிரித்தது. சிரிக்கட்டும் என்று தண்ணீர்ப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். லீவு முடிந்து வந்திருந்த டாக்டரம்மாவும் வந்து நின்றாள். 11.8. பாட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் என்று அச்சடித்திருக்கிறதைச் சிஸ்டரே எண்ணிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

நான் தரையில் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். மேடைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் ஒரு மருந்து அட்டைப்பெட்டி, நாலாக மடித்துச் செருகியிருந்தது. ஏறுகிறவனின் எடையில் ஒரு பங்கை அட்டை வாங்கித் தரைக்குக் கொடுத்துவிடும். மிச்சம்தான் தராசுக்குப் போகும். உருவி எடுத்தேன்.

வார்டு ஆயாவின் முகம் வெளுத்துவிட்டது. வராந்தாத் தரை மேடு பள்ளம், மேடை ஆடுகிறது, வயசானவர்கள் ஏறப் பயப்படுகிறார்கள் என்று அவள்தான் செருகியிருக்கிறாள். சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நான் பார்த்த கோளாறுகளில் பாதி இப்படி யாரோ அக்கறைப்பட்டுச் செய்ததுதான், ஆடாமல் நிற்பதற்குச் சட்டத்துக்குக் கீழே திருகு இருக்கிறது, வா, காட்டுகிறேன் என்றேன். அஞ்சு நிமிஷத்தில் கற்றுக்கொண்டாள். நல்ல கை.

பதினோரு பேருக்கும் மறுபடி எடை பார்த்தார்கள். நான் 74.2. டிரைவருக்கு ஞாயிற்றுக்கிழமையைவிட ஒரு கிலோ கூடியிருந்தது. டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிரமமாகியிருக்கும் என்று சிஸ்டரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

நேற்றே சொல்லியிருக்கலாம். இதை எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது. ஒரு மத்தியானமும் ஒரு ராத்திரியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மூக்கில் குழாயோடு டிரைவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, வீட்டுக்குப் போற வண்டியை நீங்களே கவுத்துட்டீங்களே."

"பேசாம மூச்சு விடுங்க" என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

73.8. டிரைவருக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஆயா தினமும் காலையில் திருகைச் சரிபார்க்கிறாள். நான் சொல்லாமலே தண்ணீர்ப் பெட்டியையும் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கிறாள்.

மார்ச் 14, சனி

73.3. தோற்றேன்.

மகள் வந்தாள். வெற்றி பெற்ற முகத்தை மறைக்கத் தெரியாத பெண், சின்ன வயதிலிருந்தே. அவள் வீட்டில் கீழறையைக் காலி செய்து வைத்திருக்கிறாளாம். கொடுத்த கையைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எனக்கில்லை. சரி என்றேன்.

அப்போது மாப்பிள்ளை வராந்தாவிலிருந்து உள்ளே வந்தார். பத்து நாளில் முதல் தடவை. என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"மாமா அவங்க வீட்டுக்கே போகட்டும்."

"நீங்க சும்மா இருங்க. தனியா இருந்து மறுபடி வீங்கினா யார் பார்க்கிறது?"

"அவரே பார்ப்பார். தோத்துடுவோம்னு தெரிஞ்சே தராசைக் காட்டிக்குடுத்த மனுஷன், தன் எடையில பொய் சொல்வாரா? தினமும் காலையில ஏழு மணிக்கு எனக்கு நம்பர் சொன்னா போதும்."

"சொல்லலைன்னா?"

"வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். கதவைத் திறக்கலைன்னா படியில உட்கார்ந்திருப்பேன்."

71.5க்கு இறங்கியதும் அனுப்புவதாக டாக்டரம்மாவும் ஒத்துக்கொண்டாள். ஒரு கிலோ கூடினால் அன்றைக்கே இங்கே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். மகள் இரண்டு பேரையும் முறைத்தாள்.

அவர் எனக்காகப் பேசினார் என்பதற்காக விருந்தாளிகள் முன்னால் பேசியது இல்லாமல் போய்விடுமா? போகாது. இரண்டும் தனித்தனிச் சரக்கு. ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

மார்ச் 18, புதன்

71.5. ஒரு மாடி ஏறிக் காட்டினேன். டிரைவர் கட்டிலில் உட்கார்ந்தபடி விசில் அடித்து எனக்குப் புறப்பட அனுமதி கொடுத்தார். டிரைவர் விசில் அடிக்கக் கூடாது, அது கண்டக்டர் வேலை என்றேன். கண்டக்டர் இல்லாத வண்டியைத்தான் கடைசிப் பத்து வருடம் ஓட்டினேன் என்கிறார்.

என் வீடு. பத்தொன்பது படி. ஒரு தடவைதான் நின்றேன். அதுவும் கீழ்வீட்டுக்காரிக்கு நன்றி சொல்வதற்காக.

மார்ச் 19, வியாழன்

சரியாக ஏழு மணிக்குக் கூப்பிட்டேன்.

"எழுபத்தொன்னு புள்ளி நாலு."

"சரி மாமா."

வைத்துவிட்டார். வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

71.4. "சரி மாமா."

மார்ச் 24, செவ்வாய்

72.0. அவர் சரி மாமா என்று சொல்லவில்லை. "உப்பா?" என்றார். உப்புக்கடலை, ஒரு கைப்பிடி என்றேன். எவ்வளவு பெரிய கை என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 27, வெள்ளி

71.5. டிரைவரும் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் காலை ஆறு ஐம்பதுக்கு என்னைக் கூப்பிட்டுத் தன் எடையைச் சொல்கிறார். சரி என்கிறேன். பத்து நிமிடம் கழித்து நான் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு என் எடையைச் சொல்கிறேன். மாப்பிள்ளை யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

இதற்கு முன்னால் எத்தனை வருடம் காலையில் எழுந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்? அதைச் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுதந்திரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கூட ஒரு போன் இருந்தால் குறைந்தா போகிறது?

மார்ச் 31, செவ்வாய்

71.3. இன்று போனை வைப்பதற்கு முன் மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். தராசில் நிற்கிறவன் சட்டென்று குந்தினால் எண் முதலில் ஏன் இறங்குகிறது? காரணம் தனக்குத் தெரியும், ஆனால் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்றார்.

உடம்பு விழ ஆரம்பிக்கும்போது கால் தராசை மிதிப்பதைக் கொஞ்சம் மறந்துவிடுகிறது, விழுவது நிற்கும்போது அந்தக் கடனைச் சேர்த்து மிதிக்கிறது, சந்தையில் தராசு மேல் சாக்கைத் தொப்பென்று போடுகிறவன் கையை ஏன் பார்க்க வேண்டும் என்பதும் இதே பாடம்தான் என்று ஆரம்பித்தேன். பன்னிரண்டு நிமிடம். நடுவில் அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 1, புதன்

71.3. பிள்ளைகள் கொட்டாவி விடவில்லையாம். இரண்டு பேர் மேஜை மேல் தராசை வைத்துக் குந்திப் பார்த்தார்களாம்.

ஏப்ரல் 9, வியாழன்

ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு ஐந்து. எடுக்கவில்லை. மகளும் எடுக்கவில்லை. ஏழு பத்து, ஏழு பதினைந்து.

நான் சொல்லாவிட்டால் அவர் வர வேண்டும் என்றுதான் பேச்சு. அவர் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் பேசி வைக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

இறங்கி நடக்கும்போது என்னென்னவோ நினைப்பு. அவருக்கு வயசு ஐம்பத்திரண்டு. இதயம் யாருக்கும் சொல்லிவிட்டுக் களைப்பதில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டாமலே உள்ளே போய்விட்டேன்.

காய்ச்சல்தான். இரண்டு நாளாகவாம். எனக்குச் சொன்னால் கவலைப்படுவேன் என்று மறைத்து, அந்த இரண்டு நாளும் காய்ச்சலோடு சரி மாமா என்று சொல்லியிருக்கிறார். இன்று எழுந்திருக்க முடியவில்லை. போன் அடுத்த அறையில் கிடந்தது. மகள் போனை வீட்டில் வைத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தாள்.

நெற்றியில் கை வைத்தேன். கண்ணைத் திறந்தார்.

"மாமா. இன்னிக்கு எவ்வளவு?"

"எழுபத்தொன்னு புள்ளி ரெண்டு. பேசாம படுங்க."

"சரி மாமா" என்றார்.

மகள் திரும்பி வந்து என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். நீ என்ன வேடிக்கை பார்க்கிறாய், வெந்நீர் வை என்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

இதை அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காய்ச்சல் நூற்றொன்று. நேற்றைவிட ஒன்று குறைவு. மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுக்கிறேன். எனக்கு மறுக்கிற தண்ணீரை அவருக்கு வலுக்கட்டாயமாக ஊற்றுவதில் ஒரு திருப்தி இருக்கிறது. கீழறையில் எனக்குப் படுக்கை போட்டிருந்தார்கள். மல்லாந்து படுத்தேன், நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறேன். மூன்று நாளும் ஆகலாம்.

விருந்தாளிகள் முன்னால் அப்படிச் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முகத்துக்கு நேராகக் கேட்கத்தான் போகிறேன். காய்ச்சல் விடட்டும்.